திரையில் எழுந்த பக்தாதும் நம் கல்பள்ளியும்

(நம் ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுவில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

     

இன்றைய பொதுக்குழுவின் நிரலில் இரண்டு செய்திகள் உள்ளன. நம் பிள்ளைகள் இரவு நெடுநேரம் கணினியிலும் கைப்பேசியிலும் விளையாடிக் கிடந்து பஜ்ரு ஜமாஅத்தைத் தவற விடுகின்றனர் என்று பெற்றோர் சிலர் அளித்துள்ள முறையீடு ஒன்று. நம் பள்ளியின் பழைய உள்பள்ளியாகிய கல்மண்டபத்தை அகற்றி, அவ்விடத்தில் கூடுதல் சஃப்புகள் நிற்கத்தக்க புதிய கட்டடம் எழுப்புவது பற்றிய தீர்மானம் மற்றொன்று. இரண்டைக் குறித்தும் தனித்தனியே சில வார்த்தைகள் பேசுமாறு நிர்வாகம் நம்மைப் பணித்தது. நாம் இரண்டையும் சேர்த்தே பேச விழைகின்றோம். இவ்விரண்டுக்கும் என்ன தொடர்பு என்று வியப்பவர்கள் சற்றுப் பொறுத்தருள்க.

சில மாதங்களுக்கு முன் மக்தபில் வரலாற்றுப் பாடம் நடந்தபோது, அப்பாஸிய கலீஃபா அபூ ஜஅஃபர் மன்சூர் கட்டிய பக்தாத் நகரைப் பற்றிச் சொல்ல நேர்ந்தது. வட்ட வடிவமான அந்நகருக்கு நான்கு வாசல்கள் இருந்தன என்று நாம் தொடங்கியவுடனேயே, மேல்வகுப்பு மாணவர் ஒருவர் எழுந்து, "பஸரா வாசல், கூஃபா வாசல், ஷாம் வாசல், குராஸான் வாசல்" என்று தடையின்றி ஒப்பித்தார். நடுவில் பச்சைக் குவிமாடம் கொண்ட அரண்மனை இருந்ததையும் சொன்னார். எந்தக் கிதாபில் பார்த்தீர் என்று வினவினோம். பெரியம்மா மகனின் வீட்டில் உள்ள ஒரு விளையாட்டில் பார்த்ததாகக் கூறினார். வகுப்பே சிரித்தது, நாம் சிரிக்கவில்லை. நாம் ஓராண்டு பாடம் நடத்தியும் பிள்ளைகளின் உள்ளத்தில் ஊன்றாத நான்கு பெயர்களை ஒரு விளையாட்டு ஊன்றியிருக்கின்றது. அது என்ன விளையாட்டு என்று விசாரித்து அறிவது நம் கடமையாயிற்று.

பிரெஞ்சு நாட்டின் யூபிசாஃப்ட் என்னும் நிறுவனம் 2023 அக்டோபரில் வெளியிட்ட 'அசாசின்ஸ் கிரீட் மிராஜ்' என்பது அதன் பெயர். கி.பி. 861, அதாவது ஹிஜ்ரி 247-இன் பக்தாத் நகரம் அதில் தெருத்தெருவாக, சந்தை சந்தையாக, பள்ளி பள்ளியாக எழுப்பப்பட்டிருக்கின்றது. விளையாடுபவர் அந்நகரத்துள் நடக்கலாம், படகேறலாம், கூரைமேல் ஓடலாம். இஸ்லாமிய வரலாற்றையும் கலைகளையும் ஆய்ந்த அறிஞர்களின் துணையோடு, பக்தாதின் வரலாற்றைக் கூறும் சிறு கட்டுரைகளும், அருங்காட்சியகங்களில் உள்ள பழம்பொருட்களின் படங்களும் உள்ளே வைக்கப்பட்டுள்ளன. அரபி மொழியிலேயே முழுமையாகப் பேசி விளையாடவும் வழி செய்திருக்கின்றனர். முந்தைய காலத்தில் இத்தகைய விளையாட்டுகளில் அரபிகள் என்றால் துப்பாக்கிக்கு இலக்காகும் பகைவராகவே பெரிதும் காட்டப்பட்டதை எண்ணிப் பார்க்கையில், இது பாராட்டத்தக்க மாற்றமே.

மேலும் ஒன்றை நாம் மனத்திற் கொள்ள வேண்டும். மன்சூர் ஹிஜ்ரி 145-இல் (கி.பி. 762) தொடங்கிய அவ்வட்ட நகரில், நிலத்தின் மேல் காணத்தக்கதாக இன்று ஏதும் எஞ்சியிருக்கவில்லை. நான்கு வாசல்களும் இல்லை, அரண்மனையும் இல்லை, அதை ஒட்டி நின்ற ஜாமிஉல் மன்சூர் என்னும் பெரும் பள்ளியும் இல்லை. பக்தாத் அருங்காட்சியகத்தில் ஒரே பளிங்குக் கல்லில் செதுக்கிய மிஹ்ராப் ஒன்று இருக்கின்றது. அது அப்பள்ளியினுடையதாக இருக்கலாம் என்று ஆய்வாளர் கருதுவர், அவ்வளவே. விமானமேறிப் பக்தாத் சென்றாலும் காணக் கிடைக்காத ஒரு பள்ளியின் பக்கம் ஒரு விளையாட்டு நம் வீட்டுப் பிள்ளையின் முகத்தைத் திருப்பியிருக்கின்றது. இந்த நன்மையை நாம் மறுக்கப் போவதில்லை.

ஆயின் அந்த மாணவரிடம் நாம் மேலும் சிலவற்றைக் கேட்டோம். அப்பள்ளியின் கிப்லா எந்தப் பக்கம் என்று கேட்டோம். தெரியவில்லை. அங்கே யார் பாடம் நடத்தினார்கள் என்று கேட்டோம். தெரியவில்லை. அவர் அப்பள்ளியின் அழகை நன்றாகவே அறிந்திருந்தார். அங்கே நடந்த தொழுகையையும் கல்வியையும் அறியவில்லை. ஆகவே அன்றைய பாடத்தை அவ்விடத்திலிருந்தே தொடங்கினோம். அன்று சொன்னதை இங்கும் சொல்கின்றோம். பெரியவர்களும் கேட்க வேண்டிய செய்தி அது.

மன்சூருடைய பள்ளியின் கிப்லா நேராக அமையவில்லை என்று இமாம் தபரீ (ரஹ்) அவர்கள் பதிவு செய்துள்ளார்கள். அங்கே தொழுபவர் பஸரா வாசலின் பக்கம் சற்றே திரும்பி நிற்க வேண்டியிருந்தது. காரணம் என்ன? முதலில் அரண்மனையைக் கட்டினார்கள். பிறகு அதன் சுவரை ஒட்டிப் பள்ளியைக் கட்டினார்கள். அரசனின் சுவருக்கு இசைய இறையில்லம் வளைந்தது. ஆற்றுக்கு மறுகரையில் ருஸாஃபாவில் கட்டிய பள்ளியில் முதலில் பள்ளியையே எழுப்பியதால் கிப்லா செம்மையாக அமைந்தது என்றும் சொல்கின்றார்கள். இந்த ஒரு செய்தியில் எத்தனை பாடம் இருக்கின்றது! அதிகாரத்தின் சுவரில் சாய்ந்து நிற்கும் எந்தப் பள்ளியையும் பற்றி நாம் எண்ணிப் பார்க்கலாம். அதை இங்கே விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து அல்லாமா கத்தீபுல் பக்தாதீ (ரஹ்) அவர்களைப் பற்றிச் சொன்னோம். ஹிஜ்ரி 392-இல் பிறந்து 463-இல் மறைந்த ஹதீஸ் கலை மேதை அவர்கள். பக்தாதில் வாழ்ந்த, பக்தாதுக்கு வந்து சென்ற 7,000-க்கும் மேற்பட்ட பெருமக்களின் வரலாறுகளைத் 'தாரீகு பக்தாத்' என்னும் பெருநூலாகத் தொகுத்தவர்கள். அவர்கள் ஹஜ்ஜுக்குச் சென்றபோது ஸம்ஸம் நீரை மூன்று மிடறு அருந்தி, மிடறுக்கு ஒன்றாக மூன்று தேவைகளை இறைவனிடம் வைத்தார்கள். தாம் எழுதிய பக்தாத் வரலாற்றைப் பக்தாதிலேயே பாடம் சொல்ல வேண்டும். ஜாமிஉல் மன்சூரில் அமர்ந்து ஹதீஸ்களை எடுத்துரைக்க வேண்டும். இறந்தபின் பிஷ்ருல் ஹாஃபீ (ரஹ்) அவர்களின் அருகில் அடங்க வேண்டும். மூன்றும் நிறைவேறின. இரண்டாவது ஆசைக்குக் கலீஃபா காயிம் பி அம்ரில்லாஹ்வின் அனுமதி தேவைப்பட்டது, அதுவும் கிடைத்தது. மூன்றாவது ஆசைக்காகவோ, தமக்கென்று முன்கூட்டியே தோண்டி வைத்து, அதனுள் இறங்கிக் குர்ஆன் ஓதிவந்த ஒரு நல்லடியார் அந்தக் கப்ரையே விட்டுக்கொடுத்தார். ஒரு பள்ளியில் அமர்ந்து பாடம் சொல்வதை, கஅபாவின் முன் நின்று கேட்கத்தக்க வாழ்நாள் ஆசையாகக் கொண்ட மனிதர்கள் இருந்தார்கள். அந்த ஆசையைத் தெரிந்துகொண்டால்தான் ஜாமிஉல் மன்சூர் என்ன என்பது விளங்கும்.

இதைச் சொல்லி முடித்தபோது மக்தபில் அப்படி ஓர் அமைதி. மற்றொரு மாணவர், "ஹஜரத், இதையும் அந்த விளையாட்டில் வைத்திருந்தால் நன்றாக இருக்குமே" என்றார். நல்ல யோசனைதான். ஆயினும் விளையாட்டு திறந்து வைத்த கதவின் வழியே பிள்ளையின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துச் செல்வது வீட்டுப் பெரியவர்களின் வேலை, உஸ்தாதின் வேலை. அதை நாம் வேறு யாரிடமும் ஒப்படைத்துவிட முடியாது.

பெற்றோருக்காக இங்கே ஓர் எச்சரிக்கை. இந்த விளையாட்டு 18 வயது நிரம்பியோருக்கு உரியது என்று ஐரோப்பாவில் தரம் குறிக்கப்பட்டது. கதையின் நாயகன் மறைந்திருந்து கொலை செய்பவன். பக்தாதின் அழகைப் பார்க்கிறான் என்று பத்து வயதுப் பிள்ளையிடம் அதைக் கொடுத்துவிட்டு மகிழ வேண்டாம். அந்நாயகனின் கூட்டம் பின்னாளில் அலமூத் கோட்டையிலிருந்து இயங்கிய கொலையாளிக் கூட்டத்தை ஒட்டிக் கற்பனை செய்யப்பட்டது. வரலாற்றிலோ, ஹஸன் ஸப்பாஹ் அலமூத்தைக் கைப்பற்றியது ஹிஜ்ரி 483-இல் (கி.பி. 1090). விளையாட்டின் காலத்துக்கும் அதற்கும் இருநூறு ஆண்டுக்கு மேல் இடைவெளி. இதைவிட நம் நெஞ்சை உறுத்துவது வேறொன்று. பக்தாதில் நிஜாமிய்யா மத்ரஸாவை நிறுவியவரும், நம் இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) அவர்களை அங்கே ஆசிரியராக அமர்த்தியவருமான வஸீர் நிஜாமுல் முல்க் அவர்கள் 1092-இல் குத்திக் கொல்லப்பட்டார்கள். அக்கொலையை இதே அலமூத் கூட்டத்தின் மீதே வரலாற்றாசிரியர் பெரும்பாலோர் சுமத்துகின்றனர். மத்ரஸாக்களின் புரவலரைக் கொன்றதாகச் சொல்லப்படும் கூட்டத்தை ஒட்டிக் கற்பனை செய்யப்பட்டவனை வீரனாக்கி, அவன் தோளில் ஏறி நம் பிள்ளைகள் பக்தாதைச் சுற்றிப் பார்க்கின்றனர். வேடிக்கைதான்.

இதே நிறுவனம் பண்டைய எகிப்தைக் காட்டிய விளையாட்டில், சண்டையும் கொலையும் இன்றி நாட்டைச் சுற்றிப் பார்த்துக் கற்பதற்கென்றே 2018-இல் தனிப் பகுதியொன்றை அமைத்தது. பிறகு கிரேக்க நாட்டுக்கும் அவ்வாறே செய்தது. பக்தாதுக்கு அத்தகைய தனிப் பகுதியை அமைக்கவில்லை. செய்திருப்பின் மக்தபிலேயே அதைக் காட்டியிருக்கலாம்.

விளையாட்டு மார்க்கத்தில் கூடுமா, கூடாதா, உருவப்படங்களின் சட்டம் என்ன என்று கேட்போர் தனியே வருக. கிதாபுகளை வைத்துப் பேசுவோம். தொழுகையைத் தவறவிடச் செய்யும் எதுவும் எந்தப் பெயரில் வந்தாலும் கூடாது என்பதற்குத் தனியே ஃபத்வா தேவையில்லை. பொதுக்குழுவின் நேரத்தை அதற்குச் செலவிட நாம் விரும்பவில்லை.

இனி, மறைந்த கட்டடத்தைத் திரையில் எழுப்பியவர்களின் படத்தை எவ்வளவு நம்பலாம் என்னும் கேள்விக்கு வருவோம். நம் மத்ரஸாக்களில் ஒரு செய்தி வந்தால், செய்தியைப் பார்க்குமுன் இஸ்னாதைப் பார்க்கக் கற்பிப்பார்கள். சொன்னவர் யார்? அவர் யாரிடம் கேட்டார்? நேரில் கண்டாரா? கட்டடத்துக்கும் இதே அளவுகோல் பொருந்தும் என்பதற்குக் கிறிஸ்தவர்களின் ஒரு தேவாலயமே சான்று. பாரிஸ் மாநகரின் நோத்ர தாம் பேராலயத்தை யூபிசாஃப்ட் நிறுவனம் 2014-இல் வெளியிட்ட விளையாட்டொன்றில் மிக நுணுக்கமாக உருவாக்கியிருந்தது. 2019 ஏப்ரல் 15 அன்று அப்பேராலயத்தின் கூரை தீப்பற்றி எரிந்து, நடுவிலிருந்த கூர்ங்கோபுரம் சரிந்து விழுந்ததை உலகமே தொலைக்காட்சியில் கண்டது. நிறுவனம் மறுசீரமைப்புக்கு 5 லட்சம் யூரோ நன்கொடை அளித்து, அந்த விளையாட்டையும் ஒரு வாரம் இலவசமாகத் தந்தது. பாரிஸைக் காணாதவர்களும் திரையில் அப்பேராலயத்தினுள் நுழைந்து பார்த்தனர். எரிந்த ஆலயத்தை இனி அந்த விளையாட்டைப் பார்த்தே கட்டிவிடலாம் என்றுகூடப் பேச்சு பரவிற்று.

உண்மையில் நடந்தது வேறு. ஆண்ட்ரூ டாலன் என்னும் கலை வரலாற்றுப் பேராசிரியர், தீ விபத்துக்குப் பல்லாண்டுகளுக்கு முன்பே, லேசர் கருவியைக் கொண்டு அக்கட்டடத்தின் ஒவ்வோர் அங்குலத்தையும் அளந்து வைத்திருந்தார். அவர் எடுத்த அளவைப் புள்ளிகள் நூறு கோடிக்கும் அதிகம். 2018-இல் அவர் இறந்துவிட்டார். தாம் அளந்த கட்டடம் எரிந்ததைக் காணவில்லை. அவருடைய அளவைகளும், மற்றக் கட்டடக் கலைஞர்களின் ஆவணங்களுமே மறுசீரமைப்புக்குக் கைகொடுத்தன. 2024 டிசம்பரில் பேராலயம் மீண்டும் திறக்கப்பட்டது. விளையாட்டில் இருந்த ஆலயமோ, 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில், பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் நிற்பதாகக் காட்டப்பட்டது. அதன் மேல் இருந்த கூர்ங்கோபுரமோ 19-ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டது. பழைய கோபுரம் புரட்சிக் காலத்தில் அகற்றப்பட்டுப் புதியது இன்னும் எழும்பாத காலத்தில், பார்ப்போர் எதிர்பார்க்கும் அழகுக்காக வைத்தார்கள். விளையாட்டுக்கு அது குற்றமன்று. ஆனால் அதை வைத்துக் கட்டடம் எழுப்ப முடியுமா? டாலனுடைய அளவைக்கு இஸ்னாத் இருந்தது. விளையாட்டின் கோபுரத்துக்கு இல்லை.

நம் சமுதாயத்திலும் ஒரு சான்று உண்டு. இராக்கின் மொசூல் நகரில், சுல்தான் நூருத்தீன் ஸங்கீ அவர்கள் கி.பி. 1172-இல் எழுப்பிய நூரீ ஜாமிஆப் பள்ளியும், 'ஹத்பா' அதாவது கூனி என்று ஊரார் செல்லமாக அழைத்த அதன் சாய்ந்த மினாராவும், 2017 ஜூன் 21 அன்று வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. தகர்த்தவர்கள் இஸ்லாத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு திரிந்தவர்கள் என்பதை நாம் நாணத்தோடு சொல்ல வேண்டியிருக்கின்றது. யுனெஸ்கோவின் முயற்சியிலும் ஐக்கிய அரபு அமீரகத்தின் பொருளுதவியிலும் மறுகட்டுமானம் நடந்தது. இடிபாடுகளிலிருந்து பழைய செங்கற்களைப் பல்லாயிரக் கணக்கில் பொறுக்கித் துடைத்து, பழைய படங்களையும் அளவுகளையும் ஒப்புநோக்கி, மினாராவை அதன் பழைய சாய்வோடேயே எழுப்பினார்கள். நேராகக் கட்டுவது எளிதாயிற்றே என்று நமக்குத் தோன்றலாம். அவ்வூர் மக்களுக்கோ கூனல் இல்லாத ஹத்பா, ஹத்பாவே அன்று. 2025 செப்டம்பரில் அப்பள்ளி திறக்கப்பட்டது. தொழுகை மேடையைத் தோண்டியபோது, பழங்காலத்து ஒளூ செய்யும் அறைகளும் அடியில் வெளிப்பட்டன. எண்ணூறு ஆண்டுகளுக்கு முந்தைய தொழுகையாளிகள் முகம் கழுவிய இடம்!

புனித இடங்களைத் திரையில் கொண்டுவருவதில் அதபு என்னும் ஒழுங்கும் உண்டு. திரையில் ஒருவனை எதைச் செய்யவிடுகிறோமோ, அதுவே அவ்விடத்தைப் பற்றி அவன் மனத்தில் பதியும். 2021-இல் 'ஃபோர்ட்நைட்' என்னும் விளையாட்டில் கஅபாவைப் போன்ற கட்டடத்தைத் தகர்க்கும் காட்சி பரவியபோது, எகிப்தின் அல் அஸ்ஹர் ஃபத்வா மையம் எச்சரிக்கை விடுத்தது. அது தாங்கள் செய்ததன்று, விளையாடுவோர் ஒருவர் தாமே உருவாக்கியது என்று நிறுவனம் விளக்கம் அளித்தது. இந்த வலி நமக்கு மட்டும் உரியதன்று. 2025 மார்ச்சில் ஜப்பானை மையமாக வைத்து யூபிசாஃப்ட் வெளியிட்ட விளையாட்டில், ஹிமேஜி நகரின் பழமையான ஷிண்டோ வழிபாட்டிடம் ஒன்று காட்டப்பட்டு, அதனுள் இருந்த பொருட்களை விளையாடுபவர் உடைத்து நொறுக்க முடிந்தது. அந்நாட்டு நாடாளுமன்றத்தில் பிரதமரிடமே கேள்வி எழுந்தது. வழிபாட்டிடங்களின் மேசைகளும் அடுக்குகளும் உடையாதவாறு நிறுவனம் திருத்திக் கொடுத்தது. அவர்களுடைய வழிபாடு வேறு, நம்முடையது வேறு. ஆயினும் தம் முன்னோர் பணிந்த இடத்தை ஒருவன் பொழுதுபோக்காக உடைப்பதைக் கண்டால் எழும் நோவு எல்லாருக்கும் ஒன்றே. மற்றவர் ஆலயம் திரையில் உடையும்போது நம் பிள்ளைகள் கைதட்டினால் அதையும் தடுத்து நிறுத்துங்கள்.

அதே பக்தாத் விளையாட்டுக்கு 2025-இன் இறுதியில் இலவச இணைப்பொன்று வந்தது. களம் அரபு நாட்டின் அல் உலா. தமூது கூட்டத்தார் வாழ்ந்த ஹிஜ்ரு அப்பகுதியிலேயே உள்ளது. தபூக் படையெடுப்பின் போது பெருமானார் (ஸல்) அவர்கள் அவ்விடத்தைத் தலை தாழ்த்தி விரைந்து கடந்தார்கள் என்பதை நாம் பாடத்தில் ஓதியிருக்கின்றோம். ஓர் இடத்தில் நின்று கண்டு மகிழலாம். ஓர் இடத்தை அழுதபடி கடக்க வேண்டும். எந்த இடம் எத்தகையது என்பதைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியவர்கள் நாமே.

இப்பொழுது நம் கல்பள்ளிக்கு வருவோம்.

நம் உள்பள்ளியின் கல்தூண்களில் பூவேலைப்பாடு இருப்பதைப் பிள்ளைகளில் எத்தனை பேர் ஊன்றிப் பார்த்திருக்கின்றனர்? வடபுறத்து உத்திரத்தில் அர்வித் தமிழில் ஏதோ எழுதியிருக்கின்றது. ஆண்டாண்டாகப் பூசிய சுண்ணாம்பு அதைப் பாதி மறைத்துவிட்டது. மறைந்ததைப் படித்தவர் எவரையும் நாம் இதுவரை சந்திக்கவில்லை. பக்தாதின் நான்கு வாசல்களையும் சொல்லத் தெரிந்த மாணவருக்கு இந்த எழுத்தைப் பற்றித் தெரியாது. அவருடைய தகப்பனாருக்கும் தெரியாது.

பள்ளியைப் பெரிதாக்கக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. ஜும்ஆவில் சஃப்புகள் தெருவரை நீள்கின்றன. வெயிலில் முதியவர்கள் நிற்கின்றனர். தொழுகையாளிகளுக்கு இடம் செய்வது பள்ளியின் முதல் கடமை. கலீஃபா ஹாரூன் ரஷீதும் மன்சூர் பள்ளியை இடித்துப் புதுப்பித்தே கட்டினார். கல்லை வணங்கும் கூட்டமன்று நாம். எனினும் கீழ்புறத்தில் விரித்துக் கட்ட இடம் இருக்கின்றதா என்று பொறியாளரை வைத்து முதலில் ஆராய வேண்டும் என்பது நம் வேண்டுகோள். கல்மண்டபத்தை நிறுத்திக்கொண்டே சஃப்புகளைக் கூட்ட முடியுமானால் அதுவே நம் விருப்பம். இயலாது என்று பொதுக்குழு முடிவு செய்யுமாயின் நாம் அதற்குக் கட்டுப்படுவோம். ஆனால் அளந்து எழுதி வைக்காமல் ஒரு கல்லையும் அசைக்க வேண்டாம்.

காயல்பட்டினம், கீழக்கரை முதலிய ஊர்களின் பழைய பள்ளிகளை மெஹர்தாத் ஷொகூஹி என்னும் பேராசிரியர் நேரில் வந்து அளந்து, வரைபடங்களோடு 2003-இல் தென்னிந்திய முஸ்லிம் கட்டடக்கலை பற்றிய நூலாக வெளியிட்டிருக்கின்றார். நம் முன்னோர் தொழுத பள்ளியின் நீள அகலத்தை ஆங்கில நூலில் தேட வேண்டிய நிலையில் நாம் இருக்கின்றோம். நம் ஊர் போன்ற சிற்றூர்களின் பள்ளிகளுக்கோ அந்த நற்பேறும் வாய்க்கவில்லை.

இங்கேதான் விளையாட்டுப் பிரியர்களாகிய நம் இளைஞர்கள் தேவைப்படுகின்றனர். 'மைன்கிராஃப்ட்' என்றொரு விளையாட்டு இருப்பதை அவர்கள் அறிவார்கள். நாம் அவர்களிடமிருந்தே அறிந்துகொண்டோம். கட்டைகளை அடுக்கி வீடும் நகரும் கட்டும் விளையாட்டு; கொலையின்றியே ஆடலாம். ஐக்கிய நாடுகள் சபையின் ஹாபிடாட் அமைப்பு 2012 முதல் பல நாடுகளில் இதைக் கொண்டே சாதாரண மக்களை அமர்த்தி, தங்கள் ஊர்ப் பொதுவிடங்களை அவர்களே வடிவமைக்கச் செய்து வருகின்றது. எங்கோ ஒரு நிறுவனம் கட்டித் தந்த பக்தாதில் ஓடிக்கொண்டிருக்கும் பிள்ளைகள், தம் ஊர்ப் பள்ளியைத் தாமே கட்டிப் பார்க்கட்டும். ஒரு தூணைத் திரையில் நிறுத்த வேண்டுமானால் அதன் உயரத்தை அளந்தாக வேண்டும். மிஹ்ராபைக் கட்ட வேண்டுமானால் அதன் வளைவை உற்று நோக்கியாக வேண்டும். ஹவ்ழின் படிகளை எண்ணியாக வேண்டும். இந்த வேலையில் ஈடுபடும் பிள்ளை, வாழ்நாள் முழுதும் ஒளூ செய்தும் கவனியாத படிகளை முதன்முறையாகக் காண்பான்.

அளவு எடுப்பதில் இஸ்னாத் வேண்டும் என்று சொன்னோம் அல்லவா? ஒவ்வோர் அளவையும் யார் எடுத்தார், எந்த நாளில் எடுத்தார், உடனிருந்தவர் யார் என்று பேரேட்டில் எழுத வேண்டும். எதுவும் தெரியாவிட்டால் தெரியவில்லை என்றே எழுத வேண்டும். அழகுக்காக ஒரு தூணைக்கூட கூட்டக் கூடாது. அர்வித் தமிழ் எழுத்தின் மேலுள்ள சுண்ணாம்பைச் சுரண்ட எவரும் முற்பட வேண்டாம். தொல்லியல் அறிந்தவரை அழைத்துக் காட்டும் பொறுப்பை நிர்வாகம் ஏற்க வேண்டுகின்றோம். தாய்மார்களுக்கும் ஒரு வேலை உண்டு. இந்தப் பள்ளியைப் பற்றித் தங்கள் பாட்டிமார் சொன்ன செய்திகளை, யார் சொன்னார் என்ற குறிப்போடு எழுதி, மக்தபுப் பிள்ளைகளின் கையில் கொடுத்தனுப்புங்கள். எந்த வீட்டு மூதாதை எந்தக் கல்லைப் படகில் கொண்டுவந்தார், ஹவ்ழு வெட்டிய ஆண்டில் மழை எப்படியிருந்தது என்பனவெல்லாம் இன்று எழுபது, எண்பது வயதினரின் நினைவில் மட்டுமே இருக்கின்றன.

ஷஅபான் மாதம் முடியும்வரை தீர்மானத்தை ஒத்திவைக்குமாறு முதவல்லி அவர்களைக் கேட்டுக்கொள்கின்றோம். மேஸ்திரியார் ஒருவர் அளவு நாடாவும் தூக்குக்குண்டும் கொண்டுவர இசைந்துள்ளார். வரும் வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு மிஹ்ராபிலிருந்து தொடங்குவோம். பேரேட்டில் எழுதுவதற்கு நல்ல கையெழுத்துள்ள இருவர் தேவை. பெயர் கொடுக்க விரும்புவோர் இஷாவுக்குப் பின் நம்மைச் சந்திக்கலாம். இரவு விழித்து விளையாடும் இளைஞர்கள் அன்று பஜ்ருக்கும் வந்துவிட்டால், காலையிலேயே ஹவ்ழின் படிகளை எண்ணி முடித்துவிடலாம்.